தர்பூசணிக்கு யாரும் ஊசி போடுவதில்லை

வெயில் ஏறினால் போதும், பொத்தேரியில் அதே பேச்சு கிளம்பிவிடுகிறது. "தர்பூசணி வாங்காதீங்க, சிவப்புச் சாயத்தை ஊசியில ஏத்துறாங்களாம்!" அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சொல்கிறார்கள். மறைமலை நகருக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள். படித்தவர்கள்தான் இன்னும் அடித்துச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டு, அதைவிடப் பல மடங்கு விலையில் இரண்டு ஆப்பிள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். உணவியல் பாடம் நடத்துகிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

இந்த வதந்தி என்ன செய்யும் என்பதை 2025 கோடையில் நம் செங்கல்பட்டு மாவட்டமே பார்த்தது. கலப்படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பேசிய காணொளி கைபேசிக்குக் கைபேசி பாய்ந்தது. சரியாக அறுவடை நேரம். வியாபாரிகள் வயலுக்கு வரவில்லை, விலை படுத்துவிட்டது. இரண்டரை மாதம் பாடுபட்டு விளைவித்த பழத்தைச் செங்கல்பட்டு, விழுப்புரம் விவசாயிகள் வயலிலேயே விட வேண்டி வந்தது. கலப்படப் பழம் எதுவும் சென்னையில் பிடிபடவில்லை என்று பிறகு அந்த அதிகாரியே விளக்கம் கொடுத்தார். அவர் இடமாற்றமும் செய்யப்பட்டார். ஆனால் காணொளியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த விளக்கத்தைக் கேட்டார்கள்?

கொஞ்சம் யோசியுங்கள். பழத்தின் சதை முழுக்கச் சுவர் கட்டிய நுண்ணிய செல்கள். ஊசியால் சாயம் ஏற்றினால் அது ஊசி போன தடத்தில் திட்டாக நிற்குமே தவிர, ஐந்து கிலோ பழம் முழுக்கச் சீராகப் பரவாது. தோலில் துளை விழுந்தால் கிருமி நுழையும், இந்த வெயிலில் சீக்கிரமே புளித்து நுரை தள்ளும். எந்த வியாபாரி தன் சரக்கைத் தானே கெடுத்துக்கொள்வார்? லாரி லாரியாக வந்து இறங்கும் மலிவான பழத்துக்கு ஒவ்வொன்றாக ஊசி குத்த ஆள் கூலி யார் கொடுப்பது?

"டிஷ்யூ காகிதத்தால் ஒற்றினால் சிவக்கிறதே?" என்பார்கள். சிவக்கத்தான் செய்யும். தக்காளிக்கு நிறம் தரும் அதே லைகோபீன்தான் இதிலும் இருக்கிறது. சாற்றோடு சேர்ந்து வந்து மெல்லிய கறையாகப் படியும். நடுவே வெடித்திருந்தால் அதுவும் ஊசியின் வேலை என்கிறார்கள். மகரந்தச் சேர்க்கை சரியாக அமையாவிட்டாலும், வளரும் காலத்தில் தண்ணீர் ஏறி இறங்கினாலும் உள்ளே அப்படிப் பிளவு விழும். தின்னலாம், ஒன்றும் ஆகாது.

பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஜிஎஸ்டி சாலையோரம் வெட்டி, ஈ மொய்க்க, மணிக்கணக்கில் தட்டில் திறந்து கிடக்கும் துண்டுகள். வயிற்றைக் கெடுப்பது அதுதான். கிலோக் கணக்குப் போட்டால் முழுப்பழத்தைவிட விலையும் அதிகம். அறையில் நாலு பேர் இருந்தால் முழுப்பழமாக வாங்கி, தோலைக் கழுவிவிட்டு வெட்டுங்கள். மண்ணில் படிந்த பக்கம் வெளுப்பாக இல்லாமல் நல்ல மஞ்சளாக இருக்க வேண்டும். பழத்தின் பருமனைப் பார்த்து நினைப்பதைவிடக் கையில் கனக்க வேண்டும். தோலுக்கு உள்பக்கம் இருக்கும் வெள்ளைப் பகுதியை எறியாதீர்கள். பச்சைத் தோலை மட்டும் சீவிவிட்டுப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வையுங்கள், பூசணிக்காய் போலவே இருக்கும். பழம் வாங்கிய காசிலேயே ஒரு வேளைக் காயும் ஆயிற்று.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச்சு வேண்டியதில்லை. ஆப்பிளில்தான் சத்து என்பது பொய். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆப்பிளில் 5 மில்லிகிராம் தேறினால் பெரிது. காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போதாவது கொய்யா வாங்கிப் போங்கள். கோணல் கத்தரிக்காய், பொடித் தக்காளி மட்டம் என்பதும் பொய். குழம்பில் கொதித்த பிறகு வடிவம் எங்கே தெரியப்போகிறது? சாயங்காலம் கூறு கட்டி விற்கும் காய் கெட்டது என்பது பாதிப் பொய். அழுகலும் பூசணமும் இருந்தால் விட்டுவிடுங்கள். வாடல் மட்டும் என்றால் வாங்கி அன்றைக்கே சமையுங்கள்.

நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஆப்பிளும் புரோக்கோலியும் வாங்கி மாதச் சம்பளக்காரரால் அதை எட்ட முடியாது. முருங்கைக்கீரை, வாழைப்பழம், பப்பாளி, சுரைக்காய் என்று போனால் எட்டலாம். அதற்குத்தான் உழவர் சந்தை இருக்கிறது. 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம். மொத்த விலைக்குச் சுமார் 20 சதவீதம் மேலே, சில்லறை விலைக்குச் சுமார் 15 சதவீதம் கீழே விலை வைப்பது அதன் முறை. இடைத்தரகர் கிடையாது, விளைவித்தவரே விற்பார்.

பொத்தேரியில் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் செங்கல்பட்டு. அங்கே உழவர் சந்தை இருந்தும் ஷிஃப்டுக்குப் போகிறவருக்குப் பயனில்லை; சந்தை காலையில் கூடி மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறு முதல் ஒன்பது வரை அந்தச் சந்தையின் காய்கறிக் கடைகளைத் திறக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். வதந்தியைப் பத்துப் பேருக்கு அனுப்ப நேரம் இருக்கிறதே, இதற்கும் ஒரு திங்கட்கிழமையை ஒதுக்குங்கள்.