பெயரிலே ஐயம் சுமந்த மீன்

இக்காலத்துக் கடல்களில் வாழும் மீன்களுள் மிகப் பெரியது திமிங்கிலச் சுறா. அது குருத்தெலும்பு மீன் வகையைச் சார்ந்தது. எலும்பு மீன் வகையிலும் அதற்கு நிகரான பேருருவம் படைத்த மீன் ஒன்று முற்காலத்தில் வாழ்ந்தது. ஏறத்தாழ 16 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆழங்குறைந்த கடல் மூடியிருந்த நாளில், அஃது அங்கே உலவியது. லீட்சிக்திஸ் புராப்ளமாட்டிகஸ் என்பது அதன் பெயர். 'லீட்ஸ் என்பாரின் மீன், ஐயத்திற்கு இடமானது' என அப்பெயர் பொருள்படும்.

ஆல்பிரட் நிக்கல்சன் லீட்ஸ் என்பவர் இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரை அடுத்த ஐபரியில் உழவுத்தொழில் செய்து வந்தவர். அங்கே செங்கல் அறுக்கக் களிமண் தோண்டிய பள்ளங்களில் வெளிப்பட்ட எலும்புகளை அவர் ஆர்வத்துடன் திரட்டினார். அவற்றுள் சில தட்டையான எலும்புகளைக் கண்ட ஹல்க் என்னும் அறிஞர், அவை டைனோசர் ஒன்றன் முதுகுத் தகடுகள் என 1887இல் கருதினார். மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த மார்ஷ், அவை மீனின் எலும்புகளே என்று கண்டு கூறினார். 1889இல் உட்வர்டு என்பவர் அம்மீனுக்குப் பெயரிட்டார். உழவர் ஒருவரின் பெயரும் அறிஞரின் ஐயமும் ஒரு பெயரிலே ஒருங்கு நிற்கின்றன!

இனி, அது மீன் இனத்துள் எப்பகுதியது என்பதைக் காண்போம். எலும்பு மீன்கள் இருவகைப்படும். துடுப்பின் அடியில் சதைப்பற்றுள்ள தண்டு உடையவை ஒருவகை. விசிறிக்கு ஈர்க்குப் போலத் துடுப்பைத் தாங்கும் எலும்புக் கதிர்கள் உடையவை மற்றொரு வகை. லீட்சிக்திஸ் கதிர்த்துடுப்பு வகையினது. அதன் துடுப்புக் கதிர்கள் நுனியில் கிளைத்துப் பிரிவன. அவ்வகையுள்ளும் அது பாக்கிகார்மிட் என்னும் குடும்பத்தைச் சார்ந்தது. இன்றுள்ள பெரும்பான்மை மீன்களின் மூதாதையர்க்கு நெருங்கிய உறவுடையது அக்குடும்பம். அதில் பல மீன்கள் கூரிய பற்கள் கொண்டு வேட்டையாடின. லீட்சிக்திஸ் அவ்வாறு செய்யவில்லை.

அதன் வாய் மிகப் பெரியது, பற்களோ இல்லை. செவுள் வளைவுகளில் சீப்புப் போல நெருங்கிய எலும்பு முட்கள் நிரம்பியிருந்தன. வாயைத் திறந்தபடி அது நீந்தும்போது, உள்ளே புகுந்த நீர் செவுள் வழியே வெளியேறும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அம்முட்களில் தங்கிவிடும். அவையே அதன் உணவு. திமிங்கிலம் என்னும் சொல்லுக்குத் 'திமி' எனும் பெருமீனை விழுங்குவது என்பது பொருள். இப்பெருமீனோ சிறியன உண்டே பெருத்தது.

உடலின் நீளத்தை அறிவதுதான் அரிதாயிற்று. அதன் முதுகெலும்பு குருத்தாகவே இருந்தமையால் மண்ணில் நிலைக்கவில்லை. தலை எலும்புகளும் செவுள் முட்களும் துடுப்புக் கதிர்களுமே பெரும்பாலும் கிடைத்தன. 1898இல் அகப்பட்ட வால் ஒன்று ஏறத்தாழ 9 அடி உயரமுடையது. வாலை வைத்து உடலை அளக்க முயன்றோருள் சிலர் 30 அடி என்றனர். 1986இல் ஒருவர் 27 மீட்டருக்கு மேலும் இருக்கலாம் என்றார். ஒரே மீனுக்கு இத்தனை வேறுபட்ட அளவுகள்!

2001இல் பீட்டர்பரோவிற்கு அருகேயுள்ள விட்டில்சியில் மற்றொரு மீனின் எச்சம் கிட்டியது. அகழ்ந்தெடுத்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் வெளிவந்தன. பின்னர் ஆய்வாளர் எலும்புகளில் உள்ள வளர்ச்சி வளையங்களை, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல, எண்ணிப் பார்த்தனர். இருபது ஆண்டு அகவையில் 8 அல்லது 9 மீட்டரும், முப்பத்தெட்டு ஆண்டில் 16.5 மீட்டரும் அது வளர்ந்திருக்கும் என 2013இல் கணித்தனர்.

இவ்வாறு நீரை வடித்து உண்ட அக்குடும்பத்து மீன்கள் பத்துக்கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் நிலைத்திருந்தன என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த ஊழியில் அவையும் மறைந்தன. பல்லில்லாத் திமிங்கிலங்கள் கடலில் தோன்றி அவ்வாறு உண்ணத் தொடங்கியது அதற்கு நெடுங்காலம் கழித்தே.