நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள்

தட்டாஞ்சாவடிப் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு:

1. பழுதுக்கு வந்த நாற்காலியை முதலில் கவிழ்த்துப் போடுங்கள். பெரும்பாலும் ஆடுவது பின்காலும் பக்கச் சட்டமும் கூடும் இடம். ஆள் சாயும்போது பாரம் முழுக்க அங்கேதான் நெம்பும்.

2. ஆட்டம் கண்டதும் ஆணி அடிக்காதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும், நம்ம ஊர் கடற்காற்றில் துருவேறும். நாளைக்குப் பிரிக்க வருகிறவன் கழுந்தை, அதாவது காலின் துளைக்குள் இறங்கும் சட்ட முனையை, உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

3. பழைய பசையைச் சுரண்டி, மரம் தெரிந்த பிறகே புதுப்பசை. வெள்ளைப் பசை நாருக்குள் ஊறித்தான் பிடிக்கும். காய்ந்த படலத்தின் மேல் நிற்காது. வச்சிரம் போட்ட பழைய நாற்காலி என்றால் வெந்நீர்த் துணி சுற்றுங்கள், இளகும்.

4. மூலைக்கட்டைதான் ஏமாற்றாத துணை. சட்டங்கள் கூடும் மூலையில், உட்பக்கம், முக்கோணமாக வைப்பது. கட்டையின் நார் ஒரு சட்டத்திலிருந்து மறு சட்டத்துக்கு ஓட வேண்டும். மூலையைப் பார்த்து ஓடினால் ஸ்க்ரூ முறுக்கும்போதே பிளந்துவிடும். கூர்முனையை வெட்டிவிடுங்கள். அது காலில் முட்டினால் கட்டை சட்டத்தோடு ஒட்டி உட்காராது. பசை தடவி, சிறு துளை போட்டு, பித்தளை ஸ்க்ரூ. கழுந்து தளர்ந்திருக்கக் கட்டையை மட்டும் வைத்து ஒப்பேற்றாதீர்கள். அந்த நாற்காலியில் ஒரு பாட்டி உட்காருவார்.

5. மூட்டுத் துளையில் பசை விட்டு மரக்குச்சி இறக்கினால் அதன் உடம்பில் நீளமாக ஒரு கோடு கீறுங்கள். அடைபட்ட பசை வெளியேற வழியில்லாவிட்டால் கொட்டாப்புளி அடியில் சட்டமே வெடிக்கும்.

6. மேசைப் பலகையைச் சட்டத்தோடு இறுகக் கட்டாதீர்கள். ஐப்பசி மழையில் பலகை அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். அடியில் ஸ்க்ரூத் துளையை நீட்டமாகப் போட்டு நகர இடம் விடுங்கள். இளவயதில் நான் இறுக்கிய மேசை ஒன்று அடுத்த சித்திரையில் நடுவே வெடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

7. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதிக் கட்டட வேலையை மேற்பார்க்க 1937இல் இங்கே வந்தவர் மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா. அதற்கான மரச்சாமான்களையும் வரைந்தார். பின்னாளில் அமெரிக்காவில், விரிசல் விட்ட பலகையில் உடுக்கை வடிவக் கட்டை பதித்து, எல்லோரும் பார்க்க மேலேயே விட்டார். நாம் ஒளித்து வைப்பதும் அதே சுத்தத்தில் இருக்க வேண்டும்.

8. கிளாம்ப் ஒரு ராத்திரி முழுக்க இருக்கட்டும். சீட்டை மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள், உள்ளே பார்க்க வேண்டும்.