ராத்திரியில் எரியும் பாதம்: சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு

பகலில் வேலையோடு வேலையாக மறந்துபோகும் பாத எரிச்சல், ராத்திரி படுத்ததும் ஆரம்பித்துவிடும். போர்வை உரசினால்கூடத் தாங்காது. நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு பழுதானவர்கள் படும் பாடு இது. இதற்கு மருந்து உண்டு. ஆனால் மூட்டுவலிக்குப் போடும் மாத்திரை இதற்குக் கேட்காது.

செய்ய வேண்டியவை

● சர்க்கரை மட்டுமே காரணம் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் இதே எரிச்சலைத் தரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும்.

● நரம்பு வலிக்கென்றே பிரிகாபலின், காபாபென்டின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். நாலு நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், தயவுசெய்து பொறுத்திருங்கள். தலைசுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம் வந்தால் சொல்லுங்கள். சிறுநீரகம், இதயம், புராஸ்டேட், கண் அழுத்தம் ஆகியவற்றில் கோளாறு இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்கு மாற்றலாம். வலி அடியோடு போகாவிட்டாலும், பாதியாகக் குறைந்து நல்ல தூக்கம் வந்தால் அது பெரிய வெற்றி.

● வருடத்துக்கு ஒரு தடவையாவது பாதச் சோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொடுவார்கள். எரிகிற பாதத்திலேயே தொட்டால் தெரியாத இடங்கள் இருக்கும். புண் வரும் ஆபத்து அங்கேதான் அதிகம்.

● வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு போடுங்கள்.

செய்யக்கூடாதவை

● வெந்நீரில் கால் வைப்பது, ஒத்தடம் கொடுப்பது இரண்டும் வேண்டாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியவரும்.

● மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்காதீர்கள். நரம்பு வலி அதற்கு அடங்காது, சிறுநீரகம்தான் கெடும்.

● பிரிகாபலினைத் திடீரென நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.

● கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள்.

● உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றாதீர்கள். காலை நேரத்தில், தடித்த காலுறையோடு போகலாம்.

● ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.