லண்டன் வீதியிற் கற்கும் சுகாதாரப் பாடம்

அயல்நாடு சென்று கல்வி பயில்வார்க்குச் சுற்றுப்புறச் சுகாதாரமும் அதுபற்றிய அரசாங்கக் கொள்கையும் கற்பிக்குங்கால், ஆசிரியர்க்கு நேரும் முதல் இடையூறு அந்நாட்டின் தூய்மையே ஆகும். லண்டன் மாநகரில் வந்திறங்கும் மாணவன் குழாயைத் திருகுகின்றான், தெளிந்த நீர் வருகின்றது, காய்ச்சாமலே பருகுகின்றான். வீதியிற் சாக்கடை கண்ணிற்படுவதில்லை. உடனே அவன், இந்நாட்டார் இயல்பாகவே தூய்மையுடையார், நம்மவர் அங்ஙனமல்லர் என்று முடிவு கட்டிவிடுகின்றான். இம்முடிவு பிழையானது மட்டுமன்று. அவன் கற்க வந்ததையே கல்லாதபடி தடுப்பதுமாம். ஆகலின், அத்தூய்மை எத்துணை உயிர்கள் மாண்ட பின்னர், எத்துணைப் பிடிவாதங்களைக் கடந்து வந்தது என்பதைக் காட்டுவதே பாடத்தின் தொடக்கமாதல் வேண்டும். அதற்கு நூல்நிலையத்தினும் வீதியே தக்க இடம்.

ஸோஹோ என்னும் பகுதியில் இந்நாளிற் பிராட்விக் வீதி எனப்படுவது முன்னாளிற் பிராட் வீதி. அங்கே கைபிடியில்லாத தண்ணீர்ப் பம்பு ஒன்று நினைவுச் சின்னமாக நிற்கின்றது. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் வாந்திபேதி என்னும் காலரா அவ்வட்டாரத்தைப் பற்றிற்று. சில வாரங்களுக்குள் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்துக் கற்றோர் பலரின் துணிபு. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ நீரையே ஐயுற்று, வீடுவீடாகச் சென்று உசாவினார். இறந்தோரை எண்ணியதுபோலவே இறவாதோரையும் அவர் எண்ணியதை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அருகிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் மாண்டவர் ஐவரே. அவ்விடுதிக்குத் தனிக் கிணறு உண்டு. பக்கத்தில் பீர் வடிக்கும் சாலையில் வேலை செய்தோர் பம்பை நாடாமல் பீரையே பருகினர்; அவருள் ஒருவரும் இந்நோயால் மாளவில்லை. மாறாக, சில கல் தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த கைம்பெண் ஒருவர், முன்னர்க் குடித்துப் பழகிய அப்பம்பின் நீர்ச்சுவையை விரும்பி வண்டியில் வருவித்துப் பருகி இறந்தார். சுவை தூய்மைக்குச் சான்றாகாது என்பதை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யான் அறியேன். (மதுவை வெறுத்த அம்மருத்துவர் பெயரால் இன்று அவ்வீதியில் மதுக்கடையொன்று நடைபெறுவது வேறு கதை.)

செப்டம்பர் 7-ஆம் நாள் மாலையில் ஸ்நோ தாம் கண்டவற்றை அவ்வூர்ப் பரிபாலனக் குழுவினர்முன் வைத்தார். மறுநாள் பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. இவ்விடத்திற் கதையை நிறுத்திக் கைதட்டச் செய்தல் எளிது. ஆயின் அது நேர்மையான போதனையாகாது. ஊரார் பலர் முன்னரே ஓடிப்போயினமையால் நோய் அப்பொழுதே தணியத் தொடங்கியிருந்தது. ஸ்நோவே இதனை ஒப்புக்கொண்டு எழுதியுள்ளார். அவ்வட்டாரத்து உதவிக் குருவானவராகிய ஹென்றி ஒயிட்ஹெட் என்பார் ஸ்நோவின் கொள்கையை முதலில் நம்பவில்லை. அது தவறெனக் காட்டுவதற்கே உசாவப் புகுந்தவர், நோயுற்ற குழந்தையொன்றின் துணி அலசிய நீர் 40-ஆம் எண் வீட்டு மலக்குழியிற் கொட்டப்பட்டதைக் கண்டறிந்தார். அக்குழி பம்பின் கிணற்றிற் கசிந்திருந்தது. மறுக்க வந்தவரே நிலைநாட்டியவராயினார். இவ்வளவிருந்தும் அரசாங்கச் சுகாதாரக் குழுவின் விஞ்ஞானிகள் ஸ்நோவின் கருத்தை ஏற்க மறுத்தனர்.

இங்கேதான் கொள்கைப் பாடம் தொடங்குகின்றது. நாற்றமே நோய் என்று நம்பிய சீர்திருத்தக்காரர், 1840-களின் இறுதியில், வீட்டு மலக்குழிகளை மூடி, கழிவையெல்லாம் தேம்ஸ் நதியிற் செலுத்த வழிசெய்தனர். குடிநீர்க் கம்பெனிகள் சில அந்நதியிலிருந்தே நீர் எடுத்துக்கொண்டிருந்தன. 1848-49-இல் வந்த காலராவில் லண்டனில் ஏறத்தாழ 14,000 பேர் மாண்டனர். நல்ல எண்ணமும் ஊக்கமும் உடையோர் இட்ட ஆணை மக்களை நஞ்சுண்ணச் செய்தது. பின்னர் 1858-ஆம் ஆண்டின் கோடையில் நதியின் நாற்றம் பார்லிமெண்டு மண்டபத்துள்ளேயே புகுந்தது. ஜன்னல் திரைகளைச் சுண்ணக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டும் உறுப்பினர் இருக்கமாட்டாராயினர். பல்லாண்டுகள் வாதத்திற் கழிந்த காரியம், ஜூலை நடுவில் மசோதாவாகி ஆகஸ்டுத் தொடக்கத்திற் சட்டமாயிற்று. ஜோஸப் பாஸல்ஜெட் என்னும் பொறியாளர் 82 மைல் நீளமுள்ள பெருங்கால்வாய்களைச் செங்கல்லாற் கட்டிக் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்றார். ஸ்நோ இதனைக் காணவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே காலமானார். 1866-இற் காலரா மீண்டும் வந்தபோது, கால்வாய் வேலை முற்றுப்பெறாத கிழக்குப் பகுதியையே பெரிதும் தாக்கியது.

பிழையான விஞ்ஞானத்தால் ஒருமுறை தீங்கும், அதே பிழையால் மற்றொருமுறை நன்மையும் விளைந்தமையை மாணவர்முன் வைத்து, யாது காரணம் என்று வினவுதல் வேண்டும். விடை எளிதன்று. நதியின் நாற்றம் ஏழையர் வீதிகளில் இருந்தவரை அதற்குச் சட்டம் பிறவாமற்போனதை மாணவர் தாமே காண்பர்.

நிலக்கரிப் புகையின் வரலாறும் இவ்வகையதே. 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தால் 4,000 பேர் இறந்தனர் என முதலிற் கணித்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 12,000 வரை என்பர். தொடர்ந்த மாதங்களின் மரணங்களை இன்புளுயென்ஸாவின்மேற் சுமத்தினர் அதிகாரிகள். தூய காற்றுச் சட்டம் 1956-இலேயே நிறைவேறியது. அச்சட்டம் புகையைத் தடுத்ததோடு அமையாது, வீட்டார் அடுப்பை மாற்றுதற்குப் பணவுதவியும் அளித்தது என்பதை மாணவர் பலர் குறித்துக்கொள்ளாமலே விடுவர். யான் அறிந்தவரை அச்சட்டம் வீடுகளிற் செல்லுபடியானதற்கு அதுவே உயிர்நிலை.

தேர்வு வைப்பதெங்ஙனம்? பின்னாளில் அறிந்தவற்றை விலக்கிவிட்டு, 1854 செப்டம்பர் 7-ஆம் நாள் மாலையில் அறிந்தவற்றை மட்டும் கொடுத்து, 'நீ பரிபாலனக் குழுவில் ஒருவன், அப்பம்பையே நம்பியிருப்போர் வாயிலில் நிற்கின்றனர், கைபிடியைக் கழற்றுவாயா?' என்று கேட்கலாம். இரண்டாம் வினா அவரவர் ஊரைப் பற்றியதாதல் வேண்டும். சென்னையினின்று வந்த மாணவன் ஒருவன் உளன் என்க. அவன் ஊரிற் குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் ஏற்பட்ட குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியின் பொறுப்பு. ஆலைக் கழிவோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பார்வையது. அவன் தெருவிலுள்ள அடிபம்பின் கைபிடியைக் கழற்ற ஆணையிட வல்லவர் இவருள் யார், எச்சான்றினை எவ்வலுவலகத்தில் யாரிடம் கொடுத்தல் வேண்டும், கழற்றிய நாளில் அத்தெருவார்க்கு வேறு நீர் தருபவர் யார் என்று அவன் எழுதுக. 'அரசாங்கம் ஆவன செய்தல் வேண்டும்' என்னும் விடைக்கு மதிப்பெண் இல்லை.