ஏமன் நாட்டு ஹூதிகள்

அரேபியாவின் தென்மேற்கு மூலையில், செங்கடலின் தென்வாயிலையடுத்துக் கிடப்பது ஏமன். ஆங்கு அரசினை எதிர்த்தெழுந்த ஹூதிகளின் போரினைச் சன்னிகட்கும் ஷியாக்கட்கும் மூண்ட சமயப் போர் என்று பலரும் எளிதிற் கூறிவிடுகின்றனர். யாமும் முன்னர் அங்ஙனமே கருதியிருந்தோம். அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஹூதிகள் ஷியாக்களுள் ஜைதிப் பிரிவினர். நபிகளின் வழித்தோன்றலாகிய ஜைத் என்பார் 740-ஆம் ஆண்டிற் கூபா நகரில் உமையாக் கலீபாவை எதிர்த்துப் பொருது மாண்டார். அவர் பெயரே பிரிவின் பெயராயிற்று. கொடுங்கோலை எதிர்த்து வாளெடுத்தல் இமாமுக்குரிய கடமை என்பது இவர்தம் பழங்கோட்பாடு. ஈரானியரின் பன்னிரு இமாம் கொள்கை இவர்க்கு உடன்பாடன்று. சட்ட நெறியிலோ சன்னிகட்கு மிக அணுக்கமானவர்.

வடமலைகளில் 897-இற் சஅதா நகரில் தோன்றிய இமாம்களின் ஆட்சி, இடையிடையே தளர்வுற்றும், 1962 வரை நிலவிற்று. அவ்வாண்டிற் படைத்தலைவர் குடியரசை நிறுவினர். அதன்பின் சஅதா வட்டாரம் அரசின் நோக்கினின்றும் விலகி வறுமையுற்றது. அதனையடுத்த தம்மாஜ் என்னும் சிற்றூரிற் சலபிக் கல்விக்கூடமொன்றும் எழுந்தது. தம் மரபு தம் மண்ணிலேயே அழியுமோ என அஞ்சிய ஜைதி இளைஞர் 1990-க்குப் பின் கோடைக்காலப் பள்ளிகளை நடத்தலாயினர். போர்க்களத்திற்கு முன் பள்ளிக்கூடம் இருந்தது என்பதை மாணவ நேயர்கள் கருதுக.

சட்டசபையில் முன்பு உறுப்பினராயிருந்த ஹுசைன் அல்-ஹூதியைச் சிறைப்படுத்த அரசு 2004-இல் முயன்றதே போருக்கு வித்தாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் கொல்லப்பட்டார். எனினும் 2010-க்குள் ஆறு போர்கள் நிகழ்ந்தன. ஊர்கள் குண்டுவீச்சிற் பாழ்படுந்தோறும் ஹூதிகளின் படை பெருகிற்று.

இப்போர்களை நடத்திய அதிபர் சாலிஹ் தாமும் ஜைதிக் குடியிற் பிறந்தவரே! பதவியிழந்த பின்னர் அவர் ஹூதிகளோடு கைகோக்க, 2014 செப்டம்பரில் தலைநகர் சனா அவர்கள் வயமாயிற்று. 2017 டிசம்பரில் அவ்வுறவை முறித்த இரண்டொரு நாளிலேயே அவர்களாற் கொலையுண்டார். இத்தகைய போரைச் சமயம் என்னும் ஒரே கோலால் அளத்தல் யாங்ஙனம் இயலும்?

ஆயினும் சமயம் அறவே இல்லை என்றலும் பிழையே. 2015 மார்ச்சிற் சவூதிக் கூட்டுப்படை தலையிட்டது. ஹூதிகட்கு ஈரானின் படைக்கலங்கள் வந்தன. அயலார் பகை உள்ளூர்ப் பகையை வளர்த்தது. 2021 முடிவிற்குள் ஏறத்தாழ 3,77,000 பேர் மாண்டிருப்பர் என்பது ஐக்கிய நாடுகளின் மதிப்பீடு. அவருள் நூற்றுக்கு அறுபதின்மர் பசியாலும் பிணியாலும் மாண்டவர். கொடுங்கோலை எதிர்ப்பதாகத் தொடங்கிய ஹூதிகளும் சிறுவரைப் படையிற் சேர்த்தனர், கண்ணிவெடி புதைத்தனர், மாற்றார் வீடுகளைத் தகர்த்தனர். 2022 ஏப்ரலில் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்பாட்டின்போது சனா அவர்கள் கையிலும், ஏதென் எதிர்த்தரப்பார் கையிலுமாக நாடு பிளவுண்டு நின்றது.