கருவிழி மாற்றிய கண்ணுக்கு எந்த லென்ஸ்?

தானமாகக் கிடைத்த கருவிழி தெளிவாக ஒட்டிக்கொண்டது; ஆனாலும் எழுத்துகள் இழுபட்டு, நிழல் விழுந்து தெரிகின்றன. முழுத் தடிமனில் கருவிழி மாற்றிக்கொண்டவர்கள் பலரும் சொல்லும் குறை இது. நைலான் தையலும் ஆறிய தழும்பும் சீராக இழுக்காததால் வளைவு ஒரு திசையில் கூடிவிடுகிறது. கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் 5, 6 என்றுகூட வரும். அவ்வளவு பவரைக் கண்ணாடியில் போட்டால் பலருக்குத் தலை சுற்றும்.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாமா என்று கேட்க அவசரம் வேண்டாம். தையல் முழுவதையும் எடுக்கவே பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு மேலாகும்; எடுத்த பிறகும் வளைவு மாறும். சில மாத இடைவெளியில் எடுத்த, கருவிழியின் வளைவைக் காட்டும் இரண்டு டாப்போகிராபி படங்கள் ஒத்துப்போக வேண்டும். அந்த வண்ணப் படத்தை நீங்களும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நடுவில் முடிச்சிட்ட ரிப்பன் போல இருபுறமும் ஒரே அளவாக இருந்தால் உள்லென்ஸ் பயன் தரும். கோணல்மாணலாக இருந்தால், சிலிண்டரைத் திருத்தும் எந்த டோரிக் லென்ஸும் அதை முழுதாகச் சரிசெய்யாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கடினமான கான்டாக்ட் லென்ஸோ, வெண்விழியில் அமரும் ஸ்கிளீரல் லென்ஸோதான் நல்ல பார்வை தரும்.

படம் சீராக இருந்து கண்புரையும் இருந்தால், புரையை எடுக்கும்போதே டோரிக் லென்ஸ் வைப்பது நல்ல வழி. ஆனால் அதன் அச்சு துல்லியமாக நிற்க வேண்டும்: 30 டிகிரி திரும்பினால் சிலிண்டர் திருத்தம் ஏறக்குறைய வீண். படுத்தால் கண் சற்றுச் சுழலும் என்பதால், நோயாளியை உட்கார வைத்தே கண்ணில் மையால் குறியிடுகிறார்கள். இன்னொன்று, பின்னாளில் கடினமான கான்டாக்ட் லென்ஸ் போட நேர்ந்தால், அது கருவிழியின் சிலிண்டரை மறைத்துவிடும். உள்ளே இருக்கும் டோரிக் லென்ஸின் சிலிண்டர் மட்டும் மிஞ்சித் தொல்லை தரும். மறுபடி கருவிழி மாற்றினாலும் கணக்கு தப்பும்.

அதனால் கூம்புக் கருவிழிக்காக இளவயதில் மாற்றிக்கொண்டு, புரை இல்லாதவருக்கு, இயற்கை லென்ஸை விட்டுவைத்து அதன் முன்னே வைக்கும் டோரிக் ஐசிஎல்தான் என் தேர்வு. தேவைப்பட்டால் எடுத்துவிடலாம். கருவிழிக்குப் பின்னால் ஏறக்குறைய 3 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். ஐரிஸில் கவ்வி நிற்கும் லென்ஸும் உண்டு. அது கருவிழிக்கு இன்னும் அருகில் இருப்பதால் எனக்குத் தயக்கம். தானக் கருவிழியின் உட்புறச் செல்கள் ஏற்கெனவே குறைவு, அவை மறுபடி வளராது. எந்த லென்ஸானாலும் முன்பும் பின்பும் செல் எண்ணிக்கை பார்த்தே ஆக வேண்டும்.

புரை அறுவை முன்பே முடிந்தவருக்குப் பழைய லென்ஸின் மேல் இன்னொன்றைப் பொருத்தலாம்.

எதைத் தேர்ந்தாலும், சிவப்பு, வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். உடல் கருவிழியை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம்.