சாக்குப் பையில் உருளைக்கிழங்கு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உருளைக்கிழங்கு ஒரு பயிராகப் பேசப்படுவதில்லை. கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரியும் என்று பழகிய பூமி இது. நம் வீட்டுக்கு வரும் உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாகவோ, வடநாட்டுக் குளிர்பதனக் கிடங்குகளிலிருந்தோ வருகிறது. ஆயினும் மூன்று சென்ட் மனையில் வீடு கட்டி, கொல்லை என்று பத்தடி இடமே மிஞ்சியுள்ள பலர், "உரச் சாக்கில் மண்ணை நிரப்பி உருளைக்கிழங்கு போடலாமா?" என்று கேட்கிறார்கள். போடலாம். ஆனால் எந்த மாதம், எந்தச் சாக்கு, எந்த மண் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு போடவேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் தழை மட்டுமே கிடைக்கும். சாக்கைப் பொறுத்தவரை தவறினால் உடல்நலமும் கெடும்.

இரவின் குளிர்ச்சியே விளைச்சல்

உருளைக்கிழங்கு என்பது வேர் அன்று. மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்து உண்டாவது. அந்த நுனி பருக்கவேண்டுமானால் இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. பகலில் இலை தயாரிக்கும் மாவுப்பொருளை வெப்பமான இரவில் செடி தன் சுவாசத்துக்கே செலவழித்துவிடுகிறது. அதோடு கிழங்கு வைக்கும் தூண்டுதலும் குறைந்துபோகிறது. செடி மட்டும் கொழுகொழுவென்று வளரும்; கொட்டிப் பார்த்தால் கோலிக்குண்டு போல நாலு கிழங்கு இருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்பயிர் நிலைத்ததற்கும், நம் சமவெளியில் நிலைக்காததற்கும் முதற்காரணம் இதுதான்.

நம் பகுதியில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வருவது மார்கழி, தை மாதங்களில்தான். நட்ட 35 நாளிலிருந்து 70 நாள் வரை கிழங்கு பருக்கும் காலம். அந்த நாட்கள் மார்கழி, தையில் விழும்படி பின்னோக்கிக் கணக்கிட்டால், நடவு கார்த்திகை முதல் வாரத்தில், அதாவது நவம்பர் நடுவில் அமையவேண்டும். பொங்கலுக்குப் பிறகு நட்டவர்கள் மாசி வெயிலில் ஏமாந்துபோவார்கள். ஐப்பசியில் முந்திக்கொள்வதும் சரியன்று. முதல் முறை நான் செய்த தவறு அதுவே. வடகிழக்குப் பருவமழையின் நடுவில், அதுவும் கரிசல் மண்ணையே சாக்கில் நிரப்பி நட்டேன். அடித்துளைகள் களிமண்ணால் அடைபட்டு, பத்து நாளில் விதைக்கிழங்கு முழுவதும் அழுகி நாற்றமெடுத்தது.

இரகத்திலும் ஒரு செய்தி உண்டு. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட குஃப்ரி சூர்யா என்ற இரகம் வெப்பத்தை ஓரளவு தாங்கும். மற்ற இரகங்கள் திணறும் இரவிலும் அது கிழங்கு வைக்கும். கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கவும். வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் முன்கூட்டியே, ஆவணி மாதத்திலேயே விசாரித்து வைப்பது நல்லது. கார்த்திகையில் போய்க் கேட்டால் பருவம் போய்விடும்.

எந்தச் சாக்கு, எந்த டப்பா?

யூரியா, காம்ப்ளக்ஸ் உரம் வந்த நெகிழிச் சாக்குகள் நல்லவை. உள்ளும் புறமும் திருப்பி இரண்டு முறை நீரில் அலசி உலர்த்தினால் போதும். இருபது லிட்டர் சமையல் எண்ணெய் டின், உடைந்த பிளாஸ்டிக் குடம், அரிசிச் சாக்கு ஆகியவற்றையும் பயன்படுத்தலாம். கறுப்பு நிறக் கலமானால் வெயிலை உறிஞ்சி வேரைச் சுடவைக்கும். அதன்மேல் பழைய வெள்ளை வேட்டியையோ கோணிப்பையையோ சுற்றிவிடவேண்டும்.

அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் சாக்குக்குப் பஞ்சமில்லை. அதில் ஒட்டியுள்ள சிமெண்ட் துகள் கடும் காரத்தன்மை உடையது. உருளைக்கிழங்கோ சற்றே புளிப்பான மண்ணை விரும்புவது. கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் செழிக்கும். காரம் மிகுந்தால் தோலில் சொறிபோன்ற சொரசொரப்பு நோய் தோன்றும். ஆகவே சிமெண்ட் சாக்கை வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு திறந்தவெளியில் உதறி, ஒருநாள் நீரில் ஊறவைத்து, மூன்று முறை அலசியபிறகே பயன்படுத்தவேண்டும். உரச்சாக்கு கையில் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது என் எண்ணம்.

இனிச் சொல்வதை வீட்டிலுள்ள எல்லோரிடமும் படித்துக் காட்டவேண்டுகிறேன். பூச்சிமருந்து, களைக்கொல்லி, பூசணக்கொல்லி வந்த கேன், டிரம், பாட்டில் எதையும் உண்ணும் பொருள் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவினேன், வெந்நீர் ஊற்றினேன், ஓராண்டு வெயிலில் போட்டேன் என்பதெல்லாம் செல்லாது. மருந்து அந்த நெகிழியின் உள்ளேயே ஊறியிருக்கும். பிறகு மெல்ல மெல்ல மண் ஈரத்தில் கசியும். தெளித்து முடிந்தவுடன் கேனை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, அடியில் ஆணியால் துளையிட்டு வைத்துவிடுங்கள். துளையுள்ள கேனில் யாரும் தண்ணீர் பிடிக்கமாட்டார்கள், மண்ணெண்ணெயும் ஊற்றமாட்டார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஊர்களில் இந்தக் கேன்கள் வரப்புதோறும் கிடப்பதைப் பார்த்தே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மண் கலவை

இதிலும் மக்காச்சோளம் குறுக்கே வருகிறது. அட்ரசின் களைக்கொல்லி தெளித்த மக்காச்சோள வயலின் மண்ணை அள்ளிவந்து சாக்கில் நிரப்பக் கூடாது. அம்மருந்து மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது. உருளைக்கிழங்கு போன்ற அகன்ற இலைப் பயிர்களைக் கருக்கும். மண்ணில் பல வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில் தங்கும். சந்தேகமிருந்தால் அம்மண்ணில் நாலு வெள்ளரி விதையோ கீரை விதையோ தூவிப் பாருங்கள். மூன்று வாரத்தில் இலையோரம் மஞ்சளித்துக் கருகினால் அந்த மண் வேண்டாம்.

கரிசலும் தனித்து ஆகாது. அதில் சுண்ணாம்பு அதிகம். நனைந்தால் இறுகும், காய்ந்தால் வெடிக்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு எரு ஒரு பங்கு என்று கலந்து, சாக்குக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்குத் தூள் சேர்க்கவும். மக்காத சாணமும் பச்சைத் தென்னைநார்க் கழிவும் கூடாது. அடுப்புச் சாம்பலைக் கொட்டுவது நம் வீடுகளில் பழக்கம். மற்றச் செடிக்குப் போடுங்கள். சாம்பல் காரமானது என்பதால் உருளைக்கிழங்குக்கு மட்டும் வேண்டாம்.

இரசாயன உரம் இடுவோர் அளவை ஏக்கர் கணக்கிலிருந்து சாக்குக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். எக்டருக்குத் தழைச்சத்து 120, மணிச்சத்து 240, சாம்பல்சத்து 120 கிலோ என்பது மலைப்பகுதிப் பரிந்துரை. பாருக்குப் பார் 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. என்றால் இரண்டு செடிக்கு உரிய நிலம் 0.18 சதுர மீட்டர். அதன்படி இரண்டு செடியுள்ள ஒரு சாக்குக்கு யூரியா 5 கிராம், சூப்பர் பாஸ்பேட் 27 கிராம், பொட்டாஷ் 4 கிராம் வரும். யூரியா ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். யூரியாவில் பாதியை நடவின்போதும் மீதியை 30ஆம் நாளிலும் இடுக. கைப்பிடி யூரியா போட்டால் தழை பெருகும், கிழங்கு தள்ளிப்போகும். நமக்கோ குளிர்நாட்கள் எண்ணி அறுபதுதான்.

விதைக்கிழங்கும் ஓர் எச்சரிக்கையும்

கோழிமுட்டை அளவில், 40 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக்கிழங்கே நல்லது. வெட்டி நட்டால் நம் ஈரத்தில் அழுகும். நடவுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே நிழலும் காற்றும் உள்ள இடத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பவும். உங்கள் வெங்காயப் பட்டறையின் நிழல் இதற்குப் பொருத்தமானது. அரை அங்குலம் நீளத்தில் தடித்த முளைகள் இரண்டு மூன்று வந்ததும் நடலாம். கடைக் கிழங்கை நடுவோர் கவனிக்க: சில கிழங்குகள் முளைப்பை அடக்கும் மருந்து பட்டவை, எத்தனை நாள் வைத்தாலும் கண் திறக்காது. முளைத்ததை மட்டும் நடுங்கள்.

ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் மண் ஒட்டிய கிழங்கை வாங்கிவந்து நடுவது உண்டு. இதைச் செய்யவே கூடாது. 1961இல் உதகமண்டலப் பகுதியில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குக் கடுகைவிடச் சிறிதாகத் தெரியும் அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். இதன்பொருட்டே நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுசெல்ல அரசு தடை விதித்தது. பின்னர் 2018இல் இமாசலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தரகாண்ட் விதைக்கிழங்குக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்தப் புழு தக்காளியையும் கத்தரியையும் கூடத் தாக்கவல்லது. ஒரு பைக் கிழங்குக்காக ஊர் மண்ணைக் கெடுத்துக்கொள்ளலாமா?

நடவும் பராமரிப்பும்

சாக்கின் அடியில் பென்சில் பருமனில் எட்டுப் பத்துத் துளைகள் இடவும். வாயை வெளிப்புறம் சுருட்டி ஒரு முழ உயரமாக்கி, அரை முழம் கலவை நிரப்பி, இரண்டு கிழங்குகளை முளை மேல்நோக்க வைத்து, நாலு விரற்கடை மண்ணால் மூடவும். சாக்கைச் செங்கல்மேல் நிறுத்துக. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடம், வேம்புக்குக் கிழக்குப்புறம் போல, மிகவும் ஏற்றது. மொட்டைமாடி வேண்டாம், பகலில் வாங்கிய சூட்டைத் தளம் இரவு முழுவதும் விட்டுக்கொண்டிருக்கும். நமக்குத் தேவை குளிர்ந்த இரவல்லவா?

செடி ஒரு சாண் வளர்ந்ததும் சாக்கின் சுருட்டை அவிழ்த்து நாலு விரல் கலவை சேர்க்கவும். 45ஆம் நாளுக்குள் இன்னொரு முறை செய்தால் போதும். சாக்கை உயர்த்த உயர்த்தக் கிழங்கு அடுக்கடுக்காக வைத்துக்கொண்டே போகும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குறுகிய வயது இரகங்களில் அப்படி நடப்பதில்லை. விதைக்கிழங்குக்குச் சற்று மேலேதான் பெரும்பாலும் கிழங்கு பிடிக்கும். மண் அணைப்பதன் நோக்கம், கிழங்கின்மேல் வெளிச்சம் படாமல் காப்பதே. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்ற நச்சுப்பொருள் கூடும். வேகவைத்தாலும் அது போகாது. பச்சைக் கிழங்கைச் சமைக்கக் கூடாது.

மேலே இரண்டு விரல் கனத்துக்கு வைக்கோலோ சோளத்தட்டைத் தூளோ பரப்பினால் மண் சூடு குறையும். தண்ணீரை நாள்தோறும் மாலையில் அளவாக விடவும். மழை நாளில் நிறுத்தவும். விரலை உள்ளே விட்டால் ஈரம் தெரியவேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. அசுவினி, இலைப்பேன் கண்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம்.

எண்பது, தொண்ணூறு நாளில் இலை மஞ்சளிக்கும். தண்ணீரை நிறுத்தி, தண்டை அறுத்துவிட்டுப் பத்து நாள் விட்டால் தோல் முற்றும். பிறகு தார்ப்பாயில் சாக்கைக் கவிழ்க்கவும், மண்வெட்டி தேவையில்லை. சாக்குக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வந்தால் நம் தட்பவெப்பத்தில் அது நல்ல விளைச்சல். பத்துச் சாக்கு வைத்த வீட்டுக்கு வாரம் ஒரு கிலோ வீதம் ஒன்றரை, இரண்டு மாதத்துக்குக் குழம்புக்கு ஆகும். விற்று இலாபம் பார்க்கும் தொழில் அன்று. மறுவருட விதைக்கு எடுத்துவைக்கவும் வேண்டாம். நம் சித்திரை, வைகாசிச் சூட்டில் வீட்டிலிருக்கும் கிழங்கு சுருங்கிக் கெடும்.

காலியான மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் நடாதீர்கள். நான்கும் ஒரே குடும்பம், வாடல் நோய் தொடரும். தண்டுக்கீரை, கொத்தவரை, சின்ன வெங்காயம் போடலாம். சாக்கு வெயிலில் நைந்து இழைஇழையாக உதிரத் தொடங்கினால் உடனே மண்ணைக் கொட்டிவிட்டுச் சாக்கை அப்புறப்படுத்துக; அந்த இழை மண்ணில் மக்காது, மாடு மேய்ந்தால் வயிற்றில் தங்கும்.

குளிர்காலத்தைத் தவறவிட்டவர்கள் சித்திரை, வைகாசியில் அதே சாக்கில் அரைக் கிலோ எடையுள்ள சேனைத் துண்டு ஒன்றை, முளைக்குருத்து மேலே இருக்கும்படி நடலாம். அதற்கு நம் வெப்பம் தடையில்லை. எட்டு மாதம் காத்திருந்தால் நட்டதைப்போலப் பல மடங்கு திருப்பித் தரும். சாக்கை மட்டும் இரட்டையாகப் போட்டுக்கொள்ளவும். சேனை பருக்கும்போது ஒற்றைச் சாக்கு கிழிந்துவிடும்.